ஜன்னல் சாத்திய அறைக்கு ஒரு கமரா

அன்பு மகளுக்கு,

ஒளிப்பதிவு பயில எந்தக் கமராவை வாங்குவது என்று கேட்டிருந்தாய். நீ குறிப்பிட்ட இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். புதியது காட்சியைச் சுருக்கிப் பதிவதால், இருளிலுள்ள விவரங்களைக் கழித்துவிடுகிறது. பாவித்த பழையதோ ‘ரோ’ எனப்படும் சுருக்காத வீடியோவாக, விழுந்த ஒளியை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த முகத்தையும் பின்னர் தெளிவாக்கலாம். அதையே வாங்கு.

அம்மாவின் அறையில் இப்போது ஜன்னலைத் திறப்பதில்லை. வெளிச்சம் அவளுக்கு ஆகவில்லை.

இதற்கு மேல் அவளைப் பற்றி எழுத எனக்கு அனுமதியில்லை. "பரீட்ச முடியிற வரைக்கும் புள்ளைக்கு ஒன்னும் எழுதிறாதீங்க. ஊருக்கெல்லாம் சட்டம் பேசுறீங்க, எனக்குக் குடுத்த வாக்க மட்டும் மீறிப் பாருங்க" என்று சொல்லி, கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆகவே கமராவைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

அந்தக் கமராவைக் கையில் பிடித்தால் படம் ஆடும், முக்காலி அவசியம். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையே அது நிற்கும், அளந்து பார்த்துவிட்டேன். மிகத் தணிந்த குரலையும் பிடிக்கக்கூடிய ஒலிவாங்கி ஒன்றையும் சேர்த்து வாங்கு.

கண்டியில் கமராக் கடை வைத்திருக்கும் மடவளைக்காரரிடம் விசாரித்தேன். "ஒரு மாசம் பொறுங்க சேர், புது மொடல் வருது. பழசுட வெல தானா எறங்கிரும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நீ பொறுக்க வேண்டாம். கொழும்பில் கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டு, இந்த வெள்ளிக்கிழமையே ரயிலேறு.

கமரா கிடைக்காவிட்டாலும் ஏறு.

இப்படிக்கு,
அப்பா