அக்காவின் கல்லறையில் அப்பா

திண்டுக்கல்
வியாழக்கிழமை

அன்பு மகன் கிளெமென்டுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நான் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்கு ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். நீயும் ஜீவிதாவும் அந்தக் குளிர் தேசத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் கேட்கிறேன். அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து நீ போன் எடுப்பதில்லை. ஜீவிதாதான் எடுத்து, அவர் தூங்குறார் அத்தை என்கிறாள். இத்தனை தூக்கம் உனக்கு எங்கிருந்து வந்ததோ. கோபம் என்று எனக்குத் தெரியும். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், சொல்ல வேண்டியது நின்றுபோகும். அதனால்தான் எழுதி, பவுல்ராஜ் சித்தப்பாவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சாமியார் முந்தின நாளே ஆஸ்பத்திரிக்கு வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டார். கோயிலில் துக்க மணி அடித்ததும் தெருவே வந்துவிட்டது. நீ அனுப்பிய நீலச் சட்டையைத்தான் போட்டுவிட்டேன், கழுத்துப் பொத்தான் சேரவில்லை, அப்படியே விட்டேன். ஐஸ் பெட்டியில் வைத்து, தலைமாட்டில் சிலுவையில் பாடுபட்ட சுரூபமும் மெழுகுவர்த்தியும் வைத்து, விடிய விடிய ஜெபமாலை சொன்னோம். நம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, பக்கத்து வீட்டு ஹுஸ்னாதான் காப்பியும் இட்லியும் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அய்யலூரிலிருந்து என் பிறந்த வீட்டு ஆட்கள் கோடித்துணியோடு வந்து இறங்கியதும் நான் உடைந்துபோனேன், அதுவரை அழக்கூட நேரமில்லை.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். ஊருக்குள் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடமில்லை, வீட்டாரைப் புதைத்த பழைய குழி இருந்தால் அதைத் திறக்கலாம், இல்லாவிட்டால் பைபாஸ் பக்கம் உள்ள புது இடத்துக்குப் போக வேண்டும் என்று கோயில் உபதேசியார் சொன்னார். சித்தப்பா புது இடத்துக்கே போகலாம் என்றார். வேண்டாம், ஏஞ்சலின் குழியைத் திறங்கள் என்று சொன்னது நான்தான், அவரைத் திட்டாதே. நீ பிறப்பதற்கு முன்பே நாலு வயதில் காய்ச்சலில் போன பிள்ளை, அவளை நீ போட்டோவில்தான் பார்த்தாய். ஆனாலும் அக்கா தலைமாட்டில் மிதிக்காதே, அக்காவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்று என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். அதனால், குழி வெட்டுகிற ராமர் கடப்பாரையைப் போட்டு அந்தச் சின்னச் சிலுவையைப் பெயர்த்ததைச் சித்தப்பா காட்டிய வீடியோ போனில் பார்த்துவிட்டு, அக்காவை எடுக்காதீங்கம்மா, அவ தூங்கட்டும் என்று நீ கத்தினாயாமே, அதில் எனக்கு வருத்தமே இல்லை. சித்தப்பாதான் பயந்துபோய் போனை அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சாவு வீட்டை விட்டு நான் அங்கே போகக் கூடாது என்று எல்லோரும் தடுத்தார்கள், நான் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு போய்க் குழி ஓரத்தில் நின்றேன். எலும்பைக் கண்டால் தாங்க மாட்டேன் என்பதுதான் இத்தனை வருஷமும் எனக்கிருந்த பயம். ராமர் என்னிடம், டீச்சர் செத்த நேரம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க என்றார், நான் நகரவில்லை. ஆழமாகத் தோண்டிவிட்டு நிமிர்ந்து, ஒண்ணுமில்ல டீச்சர், எல்லாம் மண்ணாயிருச்சு என்றார். அந்த மண்ணிலேயே இரண்டு கை அள்ளித் தரச் சொல்லித் துணியில் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் பூசை முடிந்து, சாமியார் குழியை மந்திரித்து, பெட்டியை மூடும் முன் அதை அப்பா கைக்குள், ஜெபமாலைக்குக் கீழே வைத்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு அப்பா நம்மை வண்டியில் கொண்டுபோய் இறக்கி, பூவையும் மெழுகுவர்த்தியையும் என் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுவிடுவார், நீயும் பார்த்திருக்கிறாய். ஒரு தரம்கூட உள்ளே வந்ததில்லை. கல்மனசு என்று நான் பேசாத பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கும்போது என் கையைப் பிடித்து, என்னைய வேற எங்கயும் வச்சுராத, பிள்ளகிட்டயே கொண்டுபோயிரு, இனிமே வாசல்ல நிக்க முடியாது என்றார். இதைக் கேட்ட பிறகு நான் வேறு என்ன செய்வேன், சொல்லு. உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்தான், சொல்ல எனக்கு வாய் வரவில்லை அப்பு.

பழைய சிலுவையையே நட்டு அதில் இரண்டு பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். முப்பதாம் நாள் அன்று அங்கே ஒரு கோயிலில் அப்பா பெயரில் பூசைக்குக் கொடு, நீயும் சாமியார் கையால் நன்மை வாங்கு. விசா பேப்பர் வராமல் கிளம்பி வந்து வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, அப்பாவும் அதைத்தான் சொல்லுவார். ஆண்டவர் உங்கள் இருவரையும் கண் போலக் காக்கட்டும், சீக்கிரம் ஒரு குழந்தையைத் தந்து உங்கள் வீட்டை நிறைக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எனக்கும் அந்த இடம்தான் வேண்டும். என்னை வைக்கிற அன்றைக்குக் குழியைத் திறக்கச் சொல்ல வேண்டியவன் நீ, போனில் அல்ல, நேரில் வந்து நின்று சொல்ல வேண்டும். ஒரு தரம் திறந்த குழியைப் பத்து வருஷமாவது கழித்துத்தான் மறுபடி திறக்க விடுவார்களாம், உபதேசியாரிடம் கேட்டுவிட்டேன். அதனால் சுகர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். அதுவரை நான் போவதாக இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
சூ. இஞ்ஞாசியம்மாள்