மூன்றுக்கு மேல் திருப்பாதே

அண்ணா,

நேற்றுக் காலை பக்கத்து வீட்டு மிக்ஸி எரிந்துபோனது. சட்னி அரைத்துக்கொண்டிருந்த பெண் சுவிட்சை அணைத்துவிட்டு, சன்னலைத் திறந்து, "ஒண்ணுமில்லீங்க தாத்தா, காயில் போயிடுச்சு" என்று சிரித்தாள். நான் அதற்குள் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி வந்திருந்தேன். செம்புக் கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் கருகும் வாசனை அது. நாற்பது வருடம் ஆகப்போகிறது. இன்னமும் அந்த வாசனை வந்தால் என் கால்கள் என்னைக் கேட்பதில்லை.

அதனால்தான் எழுதுகிறேன் அண்ணா. நானே, என் கையால். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழங்களுக்கு வகுப்பு வைத்தார்கள். எட்டு மாதம் போனேன். இப்போது பஸ் போர்டு படிக்கிறேன், மாத்திரை அட்டை படிக்கிறேன், பொம்மிடி ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிகளை நின்று கடைசி வரி வரை படிக்கிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு முற்பகல் ஆகிறது. ஆகட்டும். 'ழ' வரும் இடத்தில் பேனாவைத் தூக்கி, மூச்சு விட்டுக்கொண்டு, பிறகு எழுதுகிறேன். இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்தக் காலத்தில் எனக்குப் படிக்கத் தெரியாது. இதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டேஷன் எதிரில் டீக்கடையில் தினமும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். படங்களைப் பார்ப்பேன், பக்கம் புரட்டுவேன், "என்னாங்க இது, இப்படி ஆயிடுச்சு?" என்று பொதுவாகச் சொல்லி வைப்பேன். யாராவது ஒருவர் முழுச் சேதியையும் சொல்லிவிடுவார். கையெழுத்தைக் கோலம் போடுவதுபோலப் பழகி வைத்திருந்தேன். நம்பர் தெரியும். மைல் கல் தெரியும். ஒரு வேன் ஓட்ட அது போதுமாக இருந்தது.

உங்கள் ரேடியோ கடை வேன் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே. மாதா படத்துக்குக் கீழே ஈயப்பற்று வைத்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் உங்கள் மைக்செட்தான். எண்பதுகளின் நடுவில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. தர்மபுரியிலிருந்து கல்யாணத்துக்கு வரும் ஒரு வேனில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். வேன் திருப்பத்தில் வரும்போதே பாட்டின் அடி நம் நெஞ்சில் இடிக்கும். கல்யாண வீட்டார் எல்லாரும் அந்த வேனையே கேட்டார்கள். இப்போது சப்ஊஃபர் என்கிறார்கள். நமக்கு அப்போது அது பேஸ் ஸ்பீக்கர்.

உங்களிடம் வந்து, "இருக்கறதுலயே பெருசா ஒண்ணு வேணுங்ண்ணா" என்றேன்.

நீங்கள் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசவே இல்லை. வேனின் பானெட்டைத் திறக்கச் சொல்லி, பேட்டரியைப் பார்த்தீர்கள். வண்டியை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தீர்கள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ஸ்பீக்கர் வாங்கறது, சத்தத்தப் பெருசாக்கற ஆம்ப் வாங்கறதுன்னு ரெண்டு வேலை இல்ல மாது. ஒரே வேலை" என்றீர்கள்.

"புரியலீங்களே."

"ஆம்ப் கொடுக்கறத ஸ்பீக்கர் வாங்கிக்கோணும். வாங்கிக்க முடியாததுக்கு அள்ளிக் கொடுத்தா என்னாவும்? உன்ற வூட்டுல சோறு போடற மாதிரிதான். வயிறு தெரிஞ்சு போடோணும்."

இருவரும் பெங்களூருக்கு ரயில் ஏறினோம். அங்கே ஒரு கடையில் சுவர் முழுக்க ஸ்பீக்கர்கள். நீங்கள் ஒவ்வொன்றையும் மல்லாக்கப் போட்டு, இரண்டு கட்டை விரலாலும் காகிதக் கூம்பை மெல்ல அழுத்தி, காதை ஓரமாக வைத்து உள்ளே சுருள் உரசுகிறதா என்று கேட்டீர்கள். சட்டைப் பையிலிருந்து டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து இரண்டு முனையிலும் தொட்டீர்கள். டொப் என்று ஒரு சத்தம். "இது வேணாம்." அடுத்தது. டொப். "இதுவும் வேணாம்." கடைசியில் கறுப்பாக, அழகே இல்லாத ஒன்றைத் தொட்டபோது கண் மூடிக்கொண்டீர்கள். "இதான். இதுக்கு ஆம்ப் என்கிட்ட ரெடியா இருக்குது."

அது காட்சிக்கு வைத்திருந்தது. விற்க இன்னொன்று வர வேண்டும். கடைக்காரர் கன்னடமும் தமிழுமாக, "ஹத்து தின ஆகும் சாமி, பத்து நாள்" என்றார்.

எனக்கோ அடுத்த ஞாயிறு ஏரியூருக்கு ஒரு கல்யாண டிரிப். பக்கத்தில் வெள்ளிப் பூச்சு பூசி, பளபளவென்று, இன்னும் இரண்டு அங்குலம் அகலமாக ஒன்று இருந்தது. நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அது மூஞ்சி மட்டுந்தான் மாது. உள்ள கம்பி நோஞ்சான்."

"பாக்கறவங்க மூஞ்சியத்தானுங்ண்ணா பாக்கறாங்க."

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். "சரி, எடுத்துக்கோ. இதுக்குத் தகுந்த மாதிரி சின்ன ஆம்ப் ஒண்ணு கட்டித் தாரேன். அப்புறம் முழுசா வெச்சாலும் ஒண்ணும் ஆவாது" என்றீர்கள்.

அந்த வார்த்தைதான் என் தலையில் நின்றது. முழுசா வெச்சாலும் ஒண்ணும் ஆவாது.

சனிக்கிழமை வேனை உங்கள் கடையில் விட்டேன். ஞாயிறு காலை எடுக்கப் போனபோது நீங்கள் இல்லை. ஒரு தேர்த் திருவிழாவுக்கு மைக்செட்டோடு விடியும் முன்பே கிளம்பியிருந்தீர்கள். உங்கள் வீட்டம்மா சாவியும், நான்காக மடித்த ஒரு காகிதமும் கொடுத்தார்.

"இதப் படிச்சுட்டுத்தான் வண்டிய எடுக்கோணும்னு சொல்லிட்டுப் போனாருங்க."

நான் காகிதத்தைப் பிரித்தேன். ஒரு ஆள் நாலைந்து வரி படிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அவ்வளவு நேரம் பார்த்தேன். தலையை ஆட்டினேன். "சரிங்கக்கா, பாத்துக்கறேன்" என்றேன். பாட்டு கேசட் பற்றி ஏதாவது எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். 'இதுல என்ன எழுதிருக்குதுங்க?' என்று கேட்டிருந்தால் அந்த அம்மா படித்துச் சொல்லியிருப்பார். மூன்று வார்த்தை. எனக்கு வாய் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பின் சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கர் பெட்டி, அதன் மேல் சீர்த்தட்டுகள். பாட்டைப் போட்டதும் சன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. கையில் இருந்த உங்கள் காகிதத்தை இன்னும் இரண்டு மடிப்பு மடித்துக் கண்ணாடி இடுக்கில் செருகினேன். ஆட்டம் நின்றது. தர்மபுரி வரை பாட்டு அளவாக ஓடியது. பென்னாகரம் தாண்டியதும் பின்னாலிருந்து, "இன்னும் வெய்யுங்க டிரைவரே, பொண்ணு வூட்டுக்குக் கேக்கோணும்!" என்றார்கள். குமிழைப் பத்துக்குத் திருப்பினேன். சீட்டெல்லாம் அதிர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன் அண்ணா. அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன் வண்டி ஓட்டியதில்லை.

முதலில் வாசனை வந்தது. பிறகு பாட்டு கரகரவென்று கிழிந்தது. பெட்டிக்குள் நீங்கள் அடைத்திருந்த பஞ்சு பிடித்துக்கொண்டது. பிரேக் போட்டு, கதவைத் திறந்து, எல்லாரையும் இறக்குவதற்குள் சீர்த்தட்டும் கூறைப் புடவையும் எரிந்துவிட்டன. மாப்பிள்ளையின் தாய்மாமன் புடவையை இழுக்கப் போய் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டார். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கூறைப் புடவை எரிந்துவிட்டது. அன்றைக்குத் தாலி கட்ட விடமாட்டோம் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். வேறு நாள் பார்த்துத்தான் கட்டினார்கள்.

மறுநாள் தாய்மாமன் கைக்கட்டோடு நம் ஸ்டாண்டுக்கு வந்தார். கருகிய வேனைச் சுற்றிக் கூட்டம். ஸ்டாண்டில் மூத்த டிரைவர் ஆறுமுகம்தான் பேசினார். உங்களைக் கடையிலிருந்து கூப்பிட்டு வரச்சொன்னார். நீங்களும் வீட்டம்மாவும் வந்தீர்கள்.

"சின்ன ஆம்ப் முடியல. திருவிழாவுக்குப் போவோணும். அதனால பெருசையே மாட்டிட்டு, எழுதி வெச்சுட்டுப் போனேனுங்க" என்றீர்கள். ஒவ்வொரு வார்த்தையாக, அத்தனை பேர் முன்னால், எழுதியதைச் சொன்னீர்கள்: "மாது, பெரிய ஆம்ப் மாட்டியிருக்கிறேன். குமிழை மூன்றுக்கு மேல் திருப்பாதே. திருப்பினால் ஸ்பீக்கர் எரியும். வந்து மாற்றித் தருகிறேன்."

உங்கள் காகிதத்தில் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆறுமுகம் என்னைப் பார்த்தார். "ஏன்டா, பேப்பர் குடுத்தாங்களா?"

நான் வேனின் சன்னலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். முன்பக்கம் எரியவில்லை. காகிதம் என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி இடுக்கில் இருந்தது. குடுத்தார்கள் என்றால், அடுத்த கேள்வி, 'படிச்சுட்டு ஏன்டா திருப்புன?' என்பது. அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. டீக்கடையில் பேப்பர் விரிப்பவன் சொல்ல முடியாத பதில்.

"ஒண்ணும் குடுக்கலீங்க" என்றேன்.

"இந்தக் கையால குடுத்தேனுங்க! பிரிச்சுப் படிச்சாருங்க!" என்று உங்கள் வீட்டம்மா கத்தினார்.

"புருசன் தப்புக்குப் பொய் சாட்சியா? இந்தாம்மா, வாய மூடிட்டு வூட்டுக்குப் போ" என்றார் ஆறுமுகம். யாரோ சிரித்தார்கள்.

நீங்கள் என்னை வெகுநேரம் பார்த்தீர்கள். கோபம் இல்லை. பழுதான ரேடியோவைத் திறந்து, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடும்போது பார்ப்பீர்களே, அந்தப் பார்வை. பிறகு, "வா, போலாம்" என்று மனைவியின் தோளைத் தொட்டீர்கள். கண்டுபிடித்துவிட்டீர்களா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மாலை காகிதத்தை உருவி எடுத்து, அடுப்பில் போட்டேன். நீங்கள் எனக்கு எழுதியது அது ஒன்றுதான். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். காகிதம்தான் இல்லை.

கூறைப் புடவையை எரித்த செட்டை எந்தக் கல்யாண வீட்டார் கூப்பிடுவார்கள்? அந்த ஆவணியில் ஒருவரும் கூப்பிடவில்லை. தையில் கடையைப் பூட்டினீர்கள். ஓசூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்ததாகச் சொன்னார்கள். நான் பல தடவை ஓசூருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனேன். பட்டறை இருக்கும் தெருவுக்குள் வண்டியைத் திருப்பியதில்லை. நீங்கள் இறந்துபோன செய்தி ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு வந்தது. அதற்குள் வீட்டம்மாவும் போயிருந்தார்.

மிக்ஸி எரிந்த அன்று சாயங்காலம் ஆறுமுகத்தைப் பார்க்கப் போனேன். அந்தக் கூட்டத்தில் இன்று மிச்சம் இருப்பது அவரும் நானும்தான். எண்பதைத் தாண்டிவிட்டார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டீயில் பொறையைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உங்கள் பேரைச் சொன்னேன். யோசித்தார்.

"யாரு, அந்தப் பொட்டி எரிச்ச ரேடியோக்காரரா?"

அத்தனை ஊர்களில் அத்தனை திருவிழாக்களைப் பேசவைத்தீர்கள். மிஞ்சியிருப்பது இதுதான்.

"அவுரு எரிக்கலீங்க. நாந்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கத் தெரியாததை, கண்ணாடி இடுக்கை, அடுப்பை. சொன்னால் பாரம் குறையும், அவர் நாலு வார்த்தை திட்டுவார், அதோடு முடியும் என்று நினைத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. பொறை டீக்குள் கரைந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "அப்ப அந்தம்மா பொய் சொல்லலியா?" என்றார்.

"இல்லீங்க."

"நாலு பேத்துக்கு முன்னால வாய மூடுன்னு சொன்னேனேடா."

நான் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"போறப்ப அழுதுட்டே போச்சு அந்தம்மா. நல்லாத் தெரியுது எனக்கு." முகத்தைத் துண்டால் துடைத்தார். "இத்தன வருசம் நான் நிம்மதியா இருந்தேன். எதுக்குடா இப்ப வந்து சொன்ன?"

எழுந்து வந்துவிட்டேன். என்னிடம் இருந்தது குறையவே இல்லை அண்ணா. அவருக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் நாலு வரி என்னிடம் அப்படியே இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் எந்த வார்த்தையில் நிறுத்தினீர்களோ, அங்கே நானும் நிறுத்தித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலை இந்த மடலின் பாதியில் இருந்தபோது ஆறுமுகம் தடியை ஊன்றிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். நோட்டைப் பார்த்தார். "நீ எழுதறியா? நெசமாவா?" என்று கேட்டார். அவர் கையெழுத்தும் என்னுடையது போலக் கோலம்தானாம். எனக்கு அது இன்றைக்குத்தான் தெரியும்.

"அந்தம்மாவுக்கு எனக்காவ ரெண்டு வரி எழுது" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

'அம்மா, ஸ்டாண்டில் உங்களை வாயை மூடச் சொன்ன ஆறுமுகம் நான். நீங்கள் சொன்னது நிசம். உங்களைப் பேசவிட்டிருக்க வேண்டும்.'

படித்துக் காட்டச் சொன்னார். விரலை ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் வைத்துப் படித்தேன். கேட்டு முடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தரம் படி" என்றார்.

படித்தேன்.