நூல் அறுந்த சைகை

அப்பா,

பரணிலிருந்து இறக்கிய உங்கள் காக்கிச் சட்டையை இன்று உதறினேன். பையின் மடிப்பிலிருந்து இன்னும் பஞ்சு உதிர்கிறது. மில் எண்ணெய் வாசனையும் போகவில்லை. நீங்கள்தான் இல்லை.

ராஜபாளையத்து மில்லில் ஓடி ஓடி உங்கள் காதில் கடைசியில் இயந்திர இரைச்சல் மட்டும்தான் மிஞ்சியது. அங்கே எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள் என்பீர்கள். வீட்டிலும் அதையே பழக்கினீர்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பட்டென்று பிரித்தால், நூல் அறுந்துவிட்டது, உடனே வா என்று பொருள். பூனை பாலில் வாய் வைத்தால்கூட நானும் அக்காவும் உங்களுக்கு அதைத்தான் காட்டுவோம்.

அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு வந்த தீபாவளியிலேயே எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டால், அவள் அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். புழுக்கத்திலும் முழங்கைக்குக் கீழே இறங்கிய ரவிக்கை. ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. உங்களிடம் சொன்னேன். நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்கள். புதுசில் எல்லாரும் அப்படித்தான் என்று அம்மா முடித்துவிட்டாள்.

ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு நாம் இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். அத்தான் நாற்காலியில் இருந்தார். நான் அக்காவோடு அடுப்படிக்குப் போனால் அவர் அம்மாவும் கூடவே வந்தார். காப்பி கொடுக்க வந்தவளிடம், நல்லா இருக்கியா என்று கேட்டீர்கள். அவள் சிரித்துக்கொண்டே உரக்கச் சொன்னாள்.

"நல்லாருக்கேன்ப்பா."

தட்டுக்கு அடியில் அவள் விரல்கள் சேர்ந்து பிரிந்தன. மறுபடியும் பிரிந்தன.

நீங்கள் காப்பியை முழுதாகக் குடித்தீர்கள். அவசரமே இல்லை.

"மாப்ள, இவ அம்மாவுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். இவளைப் பாக்கணும்ங்கா. கூட்டிட்டுப் போயிட்டு நாளைக்குக் கொண்டாந்து விடுதேன்."

பேருந்து மம்சாபுரம் விலக்கைத் தாண்டியது. அதன் பிறகுதான் அக்கா ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள்.

காய்ச்சல் இல்லாத அம்மா அன்று முழுக்க அழுதாள். அக்காவைத் திருப்பி அனுப்பாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதே அவள் கவலை.

"ஊரு சொல்லுறது எனக்குக் கேக்காதுல்லா," என்றீர்கள்.

மறுநாள் நீங்கள் எங்கள் இருவரையும் மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனீர்கள். அக்காவுக்குப் பேச்சே எழவில்லை. கேட்ட கேள்விகள் உங்கள் காதில் விழவில்லை. படிச்ச பொண்ணுதானே, நீ சொல்லும்மா என்றார் அங்கிருந்த பெண் காவலர். கல்லூரியில் வருகைப்பதிவுக்குக்கூட வாய்க்குள்ளேயே பதில் சொல்கிறவள் நான். நீங்கள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குப் புரியவேண்டுமே என்று வாயை அகலத் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அப்படித்தான் என் குரல் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே அலுப்புதான். சமாதானம் பேச வந்தவர்களுக்கெல்லாம் அம்மா காப்பி போட்டாள். வாய்தாவுக்கு வாய்தா, இரவு ஷிப்ட் முடிந்த கையோடு பேருந்து ஏறி, நீதிமன்ற வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபடியே தூங்கினீர்கள். புருஷனை அத்துக்கொண்டு வந்தவள் என்று தெருக்குழாயில் அக்காவின் காதுபடவே பேசினார்கள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றுகூட யாரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் வீட்டுக்கு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், இன்னொரு தோசை கேட்டாள்.

இப்போது என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அடிக்கடி சொல்கிறாள். அவளைத் தனியே அழைத்து, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சிரித்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். அவளுக்கு நம் சைகை தெரியாது, அப்பா. புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

எனக்குக் களைப்பாகத்தான் இருக்கிறது. நாளைக்கும் கேட்பேன்.