பருப்புப்பொடி டப்பாவை யார் முன்னாலும் திறக்காதே

அருப்புக்கோட்டை
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தக் காகிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் இருக்கிற தோழிகளுக்குத் தமிழ் தெரியாது என்றாலும் காட்டாதே. பார்சலில் இருக்கிற பருப்புப்பொடி டப்பாவை அவர்கள் முன்னால் திறக்காதே, அந்தப் பொடியை நீயும் வாயில் வைக்காதே, யாருக்கும் கொடுத்தும் விடாதே. ஏன் என்று எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாயா, சண்டிகரில் மழையா வெயிலா? நாங்கள் எல்லாரும் நல்ல சுகம் என்று அம்மா சொல்ல நான் எழுதிய கடிதம் டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆடிக்காற்றில் தெருவெல்லாம் புழுதி, கடையில் வத்தல் யாவாரம் பரவாயில்லை, எண்ணெய் தேய்த்துக் குளி, ஆராய்ச்சி எலிகளைத் தொட்ட கையோடு சாப்பிடாதே, இதெல்லாம் அதில் இருக்கிறது. அதை அப்பா வாசித்துப் பார்த்துவிட்டார். இது அவர் பார்க்காத கடிதம், உன் புதுச் சுடிதாரின் மடிப்புக்குள் வைக்கப் போகிறேன்.

அக்கா, அம்மாவுக்கு வாயில் ஏதோ இருக்கிறது. அந்தக் கடிதத்தைச் சொல்லும்போது இடையிடையே எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினாள். குழம்பு தொடுவதே இல்லை, மோரில் கரைத்த சோறுதான், அதுவும் வலது பக்கமாகவே ஒதுக்கி விழுங்குகிறாள். கேட்டால், சூட்டுப்புண்ணுடி, வெத்தலை போடுறதை விட்டா சரியாப் போகும் என்கிறாள். வெற்றிலையை விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது, சரியாகவில்லை. ஆனி மாதக் கடைசியில் திருச்சுழியில் ஒரு கல்யாணம் என்று சொல்லி அப்பாவும் அம்மாவும் சித்தப்பா காரில் போனார்கள். திரும்பி வரும்போது தாம்பூலப் பையும் இல்லை, அம்மா தலையில் பூவும் இல்லை, கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நேராகப் போய்ப் படுத்துவிட்டாள். யாருக்குக் கல்யாணம் என்று நான் சித்தப்பாவிடம் கேட்டேன். ஒரு பெயர் சொன்னார். அதையே அப்பாவிடம் கேட்டேன், வேறு பெயர் சொன்னார். அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் எது சொன்னாலும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. அவர்கள் போனது மதுரை ஆஸ்பத்திரிக்கு என்று பின்னால் ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் கோடவுனில் மல்லி மூட்டைக்குப் பின்னால் இருக்கிற அலமாரியில் பார்சல் கட்டச் சணல் தேடினேன். ஒரு சின்ன மூடி போட்ட பாட்டில் இருந்தது, தண்ணீர் மாதிரி ஒன்றில் ஒரு சதைத் துண்டு, பயறு அளவுதான் இருக்கும். மூடியைக் கொஞ்சம் திருகியதுமே கண் எரிந்தது. பொங்கலுக்கு நீ வந்தபோது உன் கோட்டில் அடித்த அதே வாடை. நீ சாப்பிடும்போது சொன்னாயே, வெள்ளெலியின் கன்னப்பையில் மருந்து தடவிப் புற்று வரவைத்து, அந்த இடத்தை வெட்டி ஃபார்மலினில் போட்டு, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்போம் என்று. அது ஞாபகம் வந்ததும் மூடியை இறுக்கித் திருகினேன். பாட்டிலில் பொன்னுத்தாய், நாற்பத்தாறு, இடது கன்னம் என்று இங்கிலீசில் எழுதி ஒட்டியிருந்தது. நம் கடையில் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற பொன்னுத்தாய் பெரியம்மாவாக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு அறுபது வயதாவது இருக்கும். மறுநாள் அவளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவள் சிரிக்கும்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பார்த்தேன். ஏந்தாயி, மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்குற மாதிரில்ல பாக்குற, என்னயச் சந்தையில விக்கப் போறியா என்று கேட்டுவிட்டு, நன்றாக ஆவென்று திறந்தே காட்டினாள். பார்த்துக்க, ரெண்டு பல்லுதான் இல்ல, மத்தபடி கல்லக் குடுத்தாலும் கடிப்பேன் என்றாள். அவள் வாயில் ஒன்றுமே இல்லை. நாற்பத்தாறு வயது யாருக்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலமே மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டது தப்பு என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். சித்தப்பா, அண்ணே, டாக்டரு அன்னைக்கே எதுத்தாப்புல லேப்புல குடுக்கச் சொன்னாருல்ல, இன்னும் வச்சிக்கிட்டு இருக்கீக என்றார். அதற்கு அப்பா, ஏலே ஜெயக்குமாரு, கூறு கெட்டுப் பேசாத, விருதுநகருக்காரவுக ஆவணியில பெரியவளுக்குப் பூ வைக்க வாராக, அந்த லேப்புல பாதிப்பேரு நம்மாளுக, பேரை மாத்திக் குடுத்தாலும் மோப்பம் புடிச்சிருவாங்கெ, ஆத்தாளுக்கு இந்த வியாதின்னு தெரிஞ்சா எவன் பொண்ணெடுப்பான், சின்னவளும் இருக்கால்ல என்றார். அதுவரைக்கும் அது கெட்டுப் போகாதா என்று சித்தப்பா கேட்டார். அப்பா என்ன சொன்னார் தெரியுமா, கெடாதாம்ல, பெரியவதான் சொல்லியிருக்கா, அந்த மருந்துத் தண்ணிக்குள்ள கெடந்தா வருசக்கணக்கானாலும் அப்பிடியே இருக்குமாம், டாக்டருக்குப் படிக்கிறவ பொய்யா சொல்லுவா என்றார். எலி டாக்டரு சொன்னாச் சரிதான் என்று சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

நீ பெருமையாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் நிம்மதியாக இருக்கிறார் அக்கா. பாட்டிலில் இருப்பது கெடாது, சரி. அம்மா வாயில் மிச்சம் இருப்பது எந்த மருந்துத் தண்ணீரில் கிடக்கிறது? அது சும்மா இருக்குமா? உன் வெள்ளெலிகளுக்கு எத்தனை வாரத்தில் பெரிதாகும் என்று நீதான் கணக்குச் சொன்னாய், நான் அதை நினைத்து நினைத்துத் தூங்குவதில்லை. அம்மாவிடம் அப்பா ரிசல்ட் வந்துவிட்டது, வெறும் சூடுதான் என்று சொல்லி வைத்திருக்கிறார். தினமும் வெண்ணெய் வாங்கி வருகிறார், அவரே சோற்றைப் பிசைந்து தருகிறார், அவரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. கெட்ட மனிதராக இருந்தால் எனக்குக் கோபமாவது வரும்.

உன்மேலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வந்தபோது செல்போன் லைட்டை அடித்து அம்மாவை வாயைத் திற என்றாய். போடி, உன் எலிக்குப் பாரு, எனக்குப் பாக்க வேணாம் என்று அம்மா உன் கையைத் தட்டிவிட்டாள். நீயும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாய். அப்போதே ஏதாவது வெள்ளையாகத் தெரிந்ததா? தெரிந்தும் படிப்புக் கெடும் என்று பேசாமல் போனாயா? அப்படி இல்லை என்று எனக்கு ஒரு வரி எழுது. அப்படித்தான் என்றாலும் பரவாயில்லை, இப்போதாவது பார்.

போனில் சொல்ல எனக்கு வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் போன் கேட்கலாம் என்றால் அவர்கள் வீட்டுக்கு மாதச் சாமான் போவதே நம் கடையிலிருந்து. அதனால்தான் இப்படிச் செய்தேன். மெடிக்கலில் அதே மாதிரி பாட்டில் ஒன்று வாங்கி, தண்ணீர் ஊற்றி, ஊறவைத்த மீல்மேக்கரில் ஒரு கிள்ளு கிள்ளிப் போட்டு, பொன்னுத்தாய் என்ற தாளை உரித்து அதில் ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். அப்பா மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் தெரிந்துபோகும், திறக்கக் கூடாது என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். நிஜப் பாட்டில் உன் டப்பாவில் பொடிக்கு நடுவில் இருக்கிறது. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, பஞ்சு சுற்றி, நான்கு பாலிதீன் கவர் போட்டிருக்கிறேன். அப்படியும் கசியலாம், அதனால்தான் பொடியைச் சாப்பிடாதே என்றேன். அதில் அம்மா பெயரை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன், கனகலட்சுமி, நாற்பத்தாறு, இடது கன்னம் என்று. இனிமேல் அதில் வேறு யார் பெயரும் இருக்கக் கூடாது. உனக்கே பார்க்கத் தெரியாவிட்டால் உங்கள் பெரிய சாரிடம் அழுதாவது பார்க்கச் சொல். என்ன வந்தாலும் எனக்கு மறைக்காதே.

உடனே கிளம்பி வராதே. நீ வந்து இறங்கினால் விருதுநகருக்காரர்களை வரச்சொல்லிப் பூ வைத்துவிடுவார்கள், அப்புறம் உன்னை அனுப்பமாட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. முதலில் பார்த்துவிடு. ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்கும்போதே அம்மாவிடம் சொல். அப்பாவால் அதற்கப்புறம் மூட்டைக்குப் பின்னால் எதையும் ஒளித்துவைக்க முடியாது. நான்தான் அனுப்பினேன் என்றும் சொல், அடித்தால் வாங்கிக்கொள்கிறேன்.

விடிந்ததும் சித்தப்பா பார்சலைக் கொரியரில் போட எடுத்துக்கொண்டு போவார், ஒட்டுகிற வேலை என்னுடையதுதான். நீ நேரத்துக்குச் சாப்பிடு, கையுறை இல்லாமல் எதையும் தொடாதே, அம்மா சார்பாகவும் என் சார்பாகவும் சொல்கிறேன், நீ நல்லபடியாக டாக்டராகி

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா. பிரவீணா, முழிச்சிருக்கியாடி, பொடிக்கு உப்புப் போட்டனா என்னன்னு தெரியல, எனக்குத்தான் நாக்குல ஒரு ருசியும் தெரிய மாட்டேங்குதே, டப்பாவக் குடு, அப்பாவ ஒரு வாய் போட்டுப் பாக்கச் சொல்லுறேன் என்கிறாள். அப்பாவும் பின்னாலேயே வருகிறார் அக்கா, டப்பாவை நான்