மூன்றாவது பேர்

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

காலையிலேயே வெயில். ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். அண்ணன் வேட்டியை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினான். ஐயர் மூன்று தலைமுறைப் பேர் கேட்டார். அப்பா? "வைரவன்." அவரோட அப்பா? "முத்தன்." அவரோட அப்பா? அண்ணன் என்னைப் பார்க்கிறான், நான் அண்ணியைப் பார்க்கிறேன்.

"தெரியலன்னா பரவால்ல, பரமேஸ்வரன்னு சொல்லிக்குங்க."

சொல்லியும்விட்டான். எனக்கு வந்த கோபம்! ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த மனுஷனுக்கு ஒரு பேர்கூடவா இல்லாமல் போகும்? அப்பா திதி 25ஆம் தேதி. அதற்குள் கண்டுபிடித்துவிடுவேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கேஸ் தீர்ந்தது. புந்தோங் கடையில் கெம்போங் மீன் மலிவு, இரண்டு கிலோ.

நான் வேலை பார்க்கும் கிளினிக் கவுண்டரில் கூட்டமில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் குடும்ப மரம் வரைந்தேன். மேலே போகப் போக ஆள் குறைவு. உச்சியில் ஒரு காலிக் கட்டம். பழைய கதை பேசினாலே எழுந்து போகிறவள் நான். இன்று சாப்பிடவே மறந்துவிட்டேன். டாக்டர் எட்டிப் பார்த்து, "என்ன, வீடு கட்டுறீங்களா?"

"ஆமா டாக்டர். மேல்மாடிதான் பாக்கி."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அண்ணன் காரில் அப்பா பிறந்த தோட்டம். ரப்பர் போய் எங்கும் செம்பனை. தொழிலாளிகள் இருந்த லயத்து வீடு ஒன்றுகூட இல்லை, கோயில் மட்டும். பூசாரி ரொம்ப யோசித்தார். "முத்தனோட அப்பாவா? கருப்பனா இருக்கும்." எந்தக் கருப்பன்? தெரியாதாம்.

அண்ணன்: "அதையே எழுதிக்க லா. யாரு வந்து செக் பண்ணப் போறா?"

"நான் பண்ணுவேன்."

தோட்டத்துக்குத் தோட்டம் பத்துக் கருப்பன் இருந்திருப்பார்கள். ஒருத்தரைப் பிடித்து என் பூட்டனாக்க முடியாது. கால் முழுக்கக் கொசுக்கடி. ஆனாலும் சந்தோஷம்.

ஆகஸ்ட் 17, சனி

மழை. பஸ்ஸில் சித்தியவான், அத்தை வீடு. அப்பாவின் ஒரே தங்கை. போனில் கேட்டபோது "தெரியாதுடி" என்று வைத்துவிட்டார். நேரிலும் அதே பாட்டு.

"எங்க அம்மா அந்தப் பேர வாயில எடுத்ததே இல்ல. மாமனார் பேர யாருடி சொல்லுவா அந்தக் காலத்துல?"

போச்சு என்று எழுந்தேன். அத்தை விடவில்லை. கோப்பி, பிஸ்கட், தன் அண்ணன் புராணம். எங்க ராசு அண்ணன் மாதிரி வருமா, இத்யாதி. சும்மாதான் கேட்டேன், அப்பா பேர் வைரவன், பிறகு ஏன் எல்லாரும் ராசு?

"எங்க அம்மா கூப்பிட்டுப் பழகினதுதான். பெத்த புள்ளைய ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. வாத்தியார் வாசல்ல வந்து வைரவன் எங்கன்னு கேட்டா, வாயப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிருவாங்க. நாங்க சிரிப்போம்."

என் பிஸ்கட் கோப்பியில் விழுந்துவிட்டது.

"அத்தே, ஏன் ஓடுவாங்க?"

அத்தை என்னையே பார்த்தார். "அடி ஆத்தி! மாமனார் பேரு!"

இரண்டு பேருக்கும் அழுகையும் சிரிப்பும். பஸ்ஸிலேயே கட்டத்தில் எழுதினேன், எழுத்து கோணல். பெண்கள் பக்கம் பாதிக் கட்டம் காலி. அதையும் விடப்போவதில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு. அப்பா திதி

மேகமூட்டம். எள் வாங்க மறந்து அண்ணி கடைக்கு ஓடினாள்.

ஐயர் கேட்டார். அண்ணன்: "வைரவன். முத்தன். வைரவன்."

"மொதப் பேரையே திரும்பச் சொல்றீங்களே. மறந்துட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"மறக்கலங்க ஐயா. எங்க தாத்தா மறக்கக் கூடாதுன்னு வச்ச பேரு."