இருபத்திரண்டரை அங்குலக் கிடார்

அன்புள்ள ஊசிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் அந்த நலத்தில் சேரவில்லை, மாடிப்படி ஏறும்போதெல்லாம் எனக்குக் கேட்கிற மாதிரி முனகுகிறாள். நாள் முழுக்க நின்றபடியே பார்க்கிற ஆய்வுக்கூட வேலையில் நீயும் உடம்பைக் கவனித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உன் சித்தி கையில் வருகிறது, கூடவே ஒரு நீளமான துணிப்பையும் வரும். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டும். நீ முதலில் பையைத்தான் திறப்பாய், அது எனக்குத் தெரியும்.

போன மாதம் போனில் நீ சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். சொந்தமாகக் கட்டிய பாட்டை முதல் முறையாக மேடையில் பாடப்போகிறாய், உன் குரலுக்குத் தோதாகக் கிடாரை ஒன்றரைக் கட்டை ஏற்றினால் கம்பி அறுந்துபோகிறது, சுருதியை ஏற்ற அதன் கழுத்தில் கிளிப் மாட்டிப் பார்த்தும் நீ வாசிக்கிற விதத்துக்கு அது ஒத்துவரவில்லை, குட்டை ஸ்கேல் எலெக்ட்ரிக் கிடார் ஒன்று இருந்தால் கம்பி அவ்வளவு இறுகாது, ஆனால் அங்கே விற்கிற விலை கட்டுப்படியாகாது என்றாய். கடைசியில், பரவால்லப்பா, பாட்ட கொஞ்சம் எறக்கிப் பாடிக்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அம்மாவின் முழங்காலை விசாரிக்கப் போய்விட்டாய். எனக்கு அன்று வேலை ஓடவில்லை. மறுநாளே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிடார் கடைக்குப் போனேன். முப்பது வருஷமாக ஊருக்கே அளவெடுக்கிறவனுக்கு ஒரு கிடாரை அளக்கத் தெரியாதா என்கிற திமிர் வேறு. கோட்டுக்குக் காலரிலிருந்து கீழ் விளிம்பு வரை பிடிக்கிற மாதிரியே ஒவ்வொன்றையும் உச்சியிலிருந்து அடி வரை அளந்தேன். எல்லாம் முப்பத்தொன்பது, நாற்பது அங்குலம். ஒன்றே ஒன்று முப்பத்துமூன்று, அதற்குத் தலையே கிடையாது, கம்பி முறுக்குகிற ஆணியெல்லாம் அடிப்பக்கத்தில் இருந்தது. கடைப்பையன் ஏதோ சொல்ல வந்தான், அளவை எங்கிட்ட விடுங்க தம்பி என்று வாயடைத்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நம்மிடம் கோட்டு தைத்துக்கொள்கிற பாண்டு வாத்திய மாஸ்டர் அந்த வாரம் டிரையலுக்கு வந்தார். பெருமையாக எடுத்துக் காட்டினேன். அவர் ஒரு கை கோட்டிலும் ஒரு கை வெளியிலுமாகச் சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிட்டது. மொத்த உயரம் கணக்கே இல்லையாம். கழுத்தின் மேல் முனையில் கம்பி உட்கார்கிற வெள்ளைத் துண்டிலிருந்து கீழே கம்பி தங்குகிற பாலம் வரை உள்ள நீளம்தான் ஸ்கேல். இதில் தலைதான் இல்லையே தவிர அந்த நீளம் இருபத்தைந்தரை, உன்னிடம் இருக்கிற கிடாருக்கும் அதே இருபத்தைந்தரைதான். அம்மா உள்ளே இருந்து, தலை கிடாருக்கு மட்டுந்தான் இல்லன்னு நெனச்சேன் என்றாள். கடைக்காரர் நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் அவரிடம் குட்டை ஸ்கேல் இல்லை.

பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கென்று விற்கிற ஒன்று நீளத்தில் சரியாக இருந்தது, சுருதி சேர்த்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் ஆணி நழுவியது, வேண்டாம் என்று வந்துவிட்டேன். கடைசியில் பழைய வாத்தியங்கள் விற்கிற கடையில் கிடைத்தது. வெள்ளைத் துண்டிலிருந்து பன்னிரண்டாவது கட்டம் வரை அளந்து இரண்டால் பெருக்கு, அதுதான் ஸ்கேல் என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். பதினொன்றே கால் வந்தது. டேப்பை இரட்டையாக மடித்து இன்னொரு தடவையும் பார்த்தேன், துணியை வெட்டுவதற்கு முன் அப்படிப் பார்த்துத்தானே எனக்குப் பழக்கம். இருபத்திரண்டரை அங்குலம். கழுத்து வளையவில்லை, அடியில் கொஞ்சம் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது, ஒரு குமிழைத் திருப்பினால் கரகரக்கும். புதிதின் விலையில் பாதிகூட இல்லை, அதனால் விலையைக் கேட்டு சித்தியைத் துளைக்காதே. மாஸ்டர் மெல்லிய கம்பி போட்டு ஒன்றரைக் கட்டை ஏற்றி, ஒரு வாரம் கடைச் சுவரிலேயே தொங்கட்டும் என்றார். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக ஆறு கம்பியையும் எண்ணுவேன். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.

நீ அனுப்பிய பாட்டைத் தைக்கும்போது போட்டுக் கேட்கிறேன். சீருடை வாங்க வந்த ஒரு டீச்சர் பையைக் கையில் வாங்கிய பிறகும் நகராமல் நின்று, முடிந்ததும் யார் பாடறது என்று கேட்டார். எம் பொண்ணு, எழுதினதும் அவதான் என்று சொன்ன வேகத்தில் ஒரு பேண்டின் காலை இரண்டு அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டேன். துணிக்கு ஈடு கொடுத்தேன், வருத்தமே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நீ பள்ளியில் படித்தபோது வெட்டுமேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுவாய். மாடி வீட்டுக்காரர் முறைக்கிறார், வாடிக்கையாளர் திரும்பிப் பார்க்கிறார் என்று, கொஞ்சம் எறக்கிப் பாடும்மா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தொங்குகிற கோட்டுகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாடுவாயே, அதைப் பார்த்தும் நான் பேசாமல் தைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. அன்று போனில் நீ சொன்னது என் வாயிலிருந்து போன வார்த்தைதான். போன சனிக்கிழமை மாஸ்டர் கிடாரை ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகி சத்தத்தை நன்றாக ஏற்றி வாசித்தார், மாடி வீட்டுக்காரர் வேகமாக இறங்கி வந்தார். இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லிருக்கேன், உக்காந்து கேளுங்க என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போனார்.

பையை நானே தைத்தேன், கோட்டுக்குப் போடுகிற கான்வாஸ் உள்ளே இரண்டு மடிப்பு. பக்கப் பையில் இரண்டு செட் கம்பியும் முழங்கால் தைலமும் இருக்கும். தைலம் நீ நின்று வேலை பார்ப்பதற்காக அம்மா வைத்தது. நேரத்துக்குச் சாப்பிடு, சித்தியைக் கூட்டிப்போக விமான நிலையத்துக்கு முன்னதாகவே போய்விடு. உன் குரல் போகிற இடத்துக்கெல்லாம் உனக்கு நல்லது நடக்கட்டும் என்று இரண்டு பேரும் மனதார ஆசீர்வதிக்கிறோம். மறக்காதே, பயணத்துக்காகக் கம்பியைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். கிடாரில் நான் இறக்கியது அவ்வளவுதான், பாட்டை நீ இறக்காதே.

உன் குரலுக்கு முதலில் தடை சொன்னவனும், இப்போது ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிகிறவனுமான

அப்பா