புறா வலையில் நிற்காத பந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், கடை நலம், அப்பாவின் முழங்காலைத் தவிர வீட்டில் மற்றதெல்லாம் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், போன வாரம் பேசியபோது குரலில் சளி இல்லை, எனக்கு அது போதும். போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ மூன்று கேட்கிறாய், நடுவில் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், பின்னால் உன் தம்பி நின்று காது கொடுக்கிறான். இது அவனைப் பற்றிய விஷயம். அம்மா எல்லாருக்கும் நடுவில் என் மானத்தை வாங்கிவிட்டாள் என்று இதற்குள் உன்னிடம் புலம்பியிருப்பான். அவன் சொன்னதில் பொய் இருக்காது, ஆனால் பாதிதான் இருக்கும். மீதியை நான் எழுதுகிறேன். இரண்டையும் சேர்த்துப் பார், அப்புறம் யார் பக்கம் வேண்டுமானாலும் இரு.

முதலில் தெரு சமாசாரம், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். நீ போன பிறகு கடைக்கு எதிர்ப்பக்கம் முழுக்க அடுக்குமாடி ஆகிவிட்டது. ஆட்கள் குடிவருவதற்கு முன்பே புறாக்கள் குடிவந்துவிட்டன. ஏ.சி. பெட்டிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய் வளைவில், துணி காயப்போடும் கம்பியில், எங்கே பார்த்தாலும் புறா, எங்கே பார்த்தாலும் எச்சம். ஆணியும் தாழ்ப்பாளும் தள்ளுவண்டியில் வைத்து விற்க ஆரம்பித்தவள் நான், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா. பால்கனிக்குக் கட்டுகிற நைலான் வலையைச் சுருள் சுருளாக இறக்கினேன். முதல் கட்டடம் வலை போட்டதும் புறாவெல்லாம் இரண்டாவதுக்குப் போயிற்று, அடுத்த வாரம் இரண்டாவது கட்டடம் என் கடைக்கு வந்தது. அவர்களும் போட்டதும் மூன்றாவது. புறாவுக்கெல்லாம் நீ மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அப்பா கிண்டல் செய்கிறார். இப்போது தெருவிலேயே வலை இல்லாத பால்கனி நம்முடையதுதான், விற்கிறவளுக்குத் தன் வீட்டுக்குக் கட்ட நேரம் எங்கே இருக்கிறது. உன் அறை ஜன்னல் மேடையில் ஒரு ஜோடி முட்டையிட்டிருக்கிறது, குஞ்சு பறக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். கடைப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் மைனா கூடு கட்டியிருக்கிறது, அதனால் பலகையில் விளக்குப் போடுவதில்லை, கடை மூடிவிட்டதோ என்று நாலு பேர் கேட்டாயிற்று. மழை விட்ட மறுநாள் மைதானத்தில் கொக்குகள் இறங்கி நடக்கின்றன, பந்தாட வருகிறவர்கள் அவற்றைக் கைதட்டி விரட்டிவிட்டுத்தான் கோடு போட வேண்டியிருக்கிறது.

மைதானம் என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டேன். உன் தம்பி நம் பகுதி அணிக்கு இந்த வருடமும் கோல் கீப்பர். கை நீளம் உன் அப்பாவுடையது, பிடிவாதம் என்னுடையது, வேறென்ன வேண்டும். பயிற்சி கொடுக்கிறவரை உனக்குத் தெரியாது, ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தி அழுத்திப் பழகியவர் ஆகையால் ஆட்டத்திலும் காலை உதைத்துக்கொண்டே இருப்பார், கோல் போட ஓடுகிறவனைப் பார்த்து "மெதுவா, மெதுவா, கண்ணாடியைப் பாரு" என்று கத்துவார். எல்லாரும் அவரை பிரேக் மாஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். லீக்கில் கடைசி ஆட்டம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து அணியோடு. டிரா செய்தால் முதல் பிரிவிலேயே நிற்கலாம், தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தம்பி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, மாடிப்படியில் இறங்கும்போதுகூட இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்துகொண்டே இறங்கினான். முதல் நாள் சாயங்காலம் பிரேக் மாஸ்டர் கடைக்கு ஓடி வந்தார். "அக்கா, கோல் வலையை எலி கடிச்சு வச்சிருக்கு, நாளைக்கு மேட்ச், உங்ககிட்டதான் வலை மலை மாதிரி கிடக்குதே" என்றார். அது புறாவுக்கு ஐயா, பந்துக்கு இல்லை என்றேன். "நம்ம பசங்க அடிக்கிற பந்தைவிட புறா வேகமாத்தான் வரும், நீங்க கொடுங்க" என்றார். சிரித்துவிட்டேன், சிரித்த பிறகு எப்படி இல்லை என்பது.

மறுநாள் காலை நானே போய்க் கட்டினேன். கட்டினது எப்படி என்று கேள். பால்கனிக்குக் கட்டுகிறவர்களுக்குத் தொய்வு என்றால் ஆகாது, தொய்ந்த இடத்தில் புறா சிறகை நுழைத்து மாட்டிக்கொள்ளும். அதே பழக்கத்தில் நான்கு பக்கமும் இழுத்து, முறுக்கி, விரலால் சுண்டினால் டங் என்று சத்தம் வருகிற மாதிரி கட்டிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு, நடுவரே தொட்டுப் பார்த்து நல்ல வேலை என்றார். கோல் வலை தொளதொளவென்று தொங்கினால்தான் பந்தை வாங்கிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா தெரியாது.

இரண்டாம் பாதி வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. தம்பி பிடித்த பிடிகளை நீ பார்த்திருக்க வேண்டும், ஒன்றைக் காற்றில் படுத்துக்கொண்டே தட்டினான். நான் கோலுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நின்றேன், என் வலை எப்படி நிற்கிறது என்று பார்க்க. ஆட்டம் முடியப்போகிற நேரம் எதிரணியில் ஒரு குட்டையன் தூரத்திலிருந்து தாழ்வாக ஓர் அடி அடித்தான். பந்து தம்பியின் விரலைத் தாண்டி, கம்பத்தை ஒட்டி உள்ளே வந்து, விறைப்பாக நின்ற வலையைப் படீரென்று கிழித்துக்கொண்டு என் கால் பக்கமாகப் புதருக்குள் ஓடிவிட்டது. நடுவர் தூரத்தில் இருந்தார், பந்து வெளியே கிடப்பதைப் பார்த்து வெளியே போன பந்து என்று கையைக் காட்டிவிட்டார். கொடி பிடித்துக்கொண்டிருந்தவர் நம் ஆள், அவருக்கு அன்றைக்கு என்று பார்த்து எதுவும் கண்ணில் படவில்லை. தம்பி புதருக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்து, கோல் கிக் அடிக்கத் தரையில் வைத்தான். அவனுக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, அதில்தான் எனக்குத் தெரிந்தது.

எதிரணி சும்மா விடுமா. நடுவரை இழுத்துக்கொண்டு வந்து கிழிசலைக் காட்டினார்கள். நம் ஆட்கள் ஒரே குரலில் "அது காலையிலேயே கிழிஞ்சிருந்துச்சு சார், புறா வலைதானே, அதுல என்ன இருக்கும்" என்றார்கள். அப்போதுதான் நடுவர் என்னைப் பார்த்தார். "அம்மா, கட்டினது நீங்க, பின்னாடி நின்னதும் நீங்க. ஓட்டை முன்னாடியே இருந்துச்சா?" என்று கேட்டார். பிரேக் மாஸ்டர் தரையை உதைத்துக்கொண்டிருந்தார், இந்த முறை என்னைத்தான் நிறுத்தப் பார்த்தார். தம்பி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றான். வலை முழுசாகத்தான் இருந்தது, பந்து உள்ளே போய்த்தான் கிழிந்தது என்று சொன்னேன். நடுவர் விசிலை ஊதி நடுக்கோட்டைக் காட்டினார். கோல். அதற்குப் பிறகு நம்மவர்கள் காலில் பந்தே நிற்கவில்லை, தோற்றோம், இரண்டாம் பிரிவு.

"அக்கா, நீங்க எந்தப் பக்கம்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே" என்றார் மாஸ்டர். வீட்டுக்கு வந்தால் அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே, "கடைப் பேரைக் காப்பாத்திட்டே, பையனை விட்டுட்டே" என்கிறார். உனக்கு எதற்கு மறைக்க வேண்டும், அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கிழிந்த வலையை விற்றவள் என்று நாலு பேர் சொல்ல நான் வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டேன். ஆனால் அது மட்டும் இல்லை. நான் தலையை ஆட்டியிருந்தால் அவன் பொய்க்கு நான் கையெழுத்துப் போட்ட மாதிரி, அப்புறம் காலம் முழுக்க எந்தப் பந்தையும் அவன் என் எதிரில் நிமிர்ந்து பிடிக்க முடியாது. இதை அவனிடம் சொல்லலாம் என்று பார்த்தால் அவன் பேசினால்தானே. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். என்ன வேண்டும் என்று கேட்டால் அப்பாவிடம் பதில் சொல்லுவான். நானும் போய்க் கெஞ்சவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற பழக்கம் எனக்குக் கடையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. ஆனால் அவன் துணிகளை நானே மடித்து வைத்தேன், அதுவும் உனக்குத் தெரியட்டும்.

நேற்று மதியம் கடையில் நல்ல கூட்டம். பெயின்ட் வாங்க வந்தவர்களுக்குப் பின்னால் வரிசையில் உன் தம்பி நிற்கிறான். வீட்டுப் பிள்ளை மேசையோரத் தடுப்புப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வர வேண்டியதுதானே, இல்லை, வரிசையில் நிற்கிறான். அவன் முறை வந்ததும் கிழிந்த வலையைச் சுருட்டி மேசைமேல் வைத்து, "ஏங்க கடைக்காரம்மா, உங்க கடை வலை ஒரு மேட்ச்கூடத் தாங்கலை, மாத்திக் கொடுங்க" என்றான். நான் விடுவேனா, புறாவுக்குன்னு விற்கிற வலையிலே பந்து பிடித்தால் யார் தப்பு தம்பி என்றேன். "வித்தது புறாவுக்கு, சரி. கோல் கம்பத்துல வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டினது யாரு?" என்றான். பெயின்ட் வாங்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன், நியாயம் அவன் பக்கம். கட்டினது தப்புதான், கடை மாற்றிக் கொடுக்கும், கயிற்று வலையே வரவழைத்துக் கொடுக்கும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். தலையை ஆட்டினான், ஆனால் நகரவில்லை. மேசைமேல் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "அடுத்த தடவை நடுவர் வந்து கேட்டா நீ வாயைத் திறக்காதே" என்றான். எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது, நான் ஆரம்பிப்பதற்குள், "நானே சொல்லிக்கிறேன்" என்றான். கயிறு அளக்கிற சாக்கில் நான் கீழே குனிந்துகொண்டேன், கொஞ்ச நேரம் அளந்தேன். நிமிர்ந்தபோது அவன் மேசையைச் சுற்றி உள்ளே வந்து, பெயின்ட்காரருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஆகையால் அவனிடம் நீ சமாதானம் எதுவும் பேச வேண்டாம், நான் எழுதினதையும் சொல்லிக்கொள்ள வேண்டாம். அவன் புலம்பினால் உம் கொட்டு, அது போதும். வேலை வேலை என்று நின்றபடியே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. மேலதிகாரி கத்தினால் அன்றைக்கே பதில் சொல்லாதே, மறுநாள் சொல், ஆனால் சொல்லாமல் விடாதே. நீ தொட்டது நிலைக்கட்டும், உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும், அம்மா அப்பா ஆசி என்றைக்கும் உனக்கு உண்டு. மறக்காமல் உன் பால்கனியின் நீள அகலத்தை அளந்து அனுப்பு, கையால் சாண் போட்டுச் சொல்லாதே, டேப் வைத்து அள.

உன் நலம் விரும்பும்,
அம்மா
(தம்பி கடையைப் பார்த்துக்கொள்கிற நேரத்தில் எழுதியது)